வில்லங்கம்

தேவகோட்டை சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே
ஜெராக்ஸ் கடையை ஒட்டிய மூன்றாவது மேசை என்னுடையது.
பத்தொன்பது வருஷமாக
அடுத்தவர் நிலத்துக்கு நான்கெல்லை எழுதுகிறேன்.

மார்கழியில் ஒருநாள்
வலது சுண்டுவிரல் தாளின்மேல் கிடந்தது.
தாள் அதற்குத் தெரியவில்லை.
மோதிரவிரலில் பாதி மட்டும் விழித்திருந்தது:
நடுவிரல் பக்கம் வெளிச்சம்,
சுண்டுவிரல் பக்கம் இருட்டு.
ஒரே விரலுக்கு இரண்டு பட்டா.

மேசையில் முழங்கையை ஊன்றாதே என்றார்கள் எல்லோரும்.
அடுத்த மேசை வெள்ளைக்கண்ணு
என்னைவிட அதிகம் ஊன்றுகிறவர்,
மத்தியானம் தூங்குவதே ஊன்றித்தான்.
அவருக்கு ஒன்றுமில்லை.

காரைக்குடியில் கரண்ட் வைத்துப் பார்த்தார்கள்.
முன்கையில் ஓட்டம் சரிதான்,
மூட்டைக் கடக்கும் பத்து சென்டிமீட்டரில்தான் தயங்குகிறது
என்றாள் மெஷின் பார்த்த பெண்.
சின்ன வயதில் கதவில் இடித்து
ஷாக் அடித்ததே, அந்த நரம்பு.

கழுத்தோரம் ஊசி போட்டுக் கையை மட்டும் மரக்கவைத்தார்கள்.
பச்சைத் துணிக்கு அந்தப் பக்கம்
டாக்டர் ரஹ்மத்நிஷா கொஞ்சநேரம் பேசவில்லை.
பிறகு நர்ஸிடம்,
"இங்க பாரு, கூடுதலா ஒரு தசை."

வழக்கமாக அந்த இடத்துக்கு
ஒரு மெல்லிய பட்டைதான் கூரையாம்.
எனக்கு சதையே குறுக்கே படுத்திருக்கிறது.
முன்வாசல் ஒரு தெருவில், பின்வாசல் மறுதெருவில்
நேராய்ப் போகும் வீட்டில்
நடுவே யாரோ பீரோவை இழுத்துப் போட்ட மாதிரி.

படுத்தபடியே மனதில் எழுதினேன்:
உள்பக்க எலும்பு முனைக்குக் கிழக்கு,
முழங்கை நுனிக்கு மேற்கு,
இதற்குட்பட்ட பொதுப்பாதையில்
சுண்டுவிரல் அகலத்துக்கு ஆக்கிரமிப்பு.

"எப்ப வந்தது டாக்டர்?"
"வரலை. பிறக்கும்போதே இருந்தது.
நூத்துல சில பேருக்கு இருக்கும்.
பல பேருக்குச் சாகிறவரை தெரியவே தெரியாது."

நாற்பத்தாறு வருஷ அனுபோகம்.
பன்னிரண்டே போதும் என்பார்கள் கோர்ட்டில்.
நோட்டீஸ் இல்லை, வாய்தா இல்லை,
கத்தரிக்கோல் சத்தம் மட்டும் கேட்டது.
அறுபட்ட அந்தச் சதைக்கு
என்னைத் தவிர வாரிசும் இல்லை.

தையல் பிரித்த வாரம்
குன்றக்குடிப் பக்கத்துக்காரர் ஒருவர்
மனு எழுதித் தரச் சொல்லி வந்தார்.
பொதுச் சந்தில் பங்காளி கொட்டகை போட்டிருக்கிறானாம்.
"எப்போதிருந்து?"
"அது எங்கப்பா காலத்துலேருந்து இருக்கு.
நான்தான் இப்ப கார் வாங்கியிருக்கேன்."

ஆக்கிரமிப்பு என்று
கேட்ட மாத்திரத்தில் எழுதிவிடுகிறவன் நான்.
பேனாவை மூடி, டீ சொன்னேன் இரண்டு பேருக்கும்.

இடது முழங்கையை மடக்கி
உள்பக்கம் தடவிப் பார்த்தேன்.
அங்கேயும் ஒருவர் குடியிருக்கலாமாம்.
இன்றைய தேதி வரை
வில்லங்கம் ஏதும் பதிவாகவில்லை.