முப்பதுக்குள்

பெயர்: லவெண்ட்ரி முனியன்.
அடுத்த கட்டத்தில் வயது கேட்கிறார்கள்.
முப்பதுக்குள் இருக்க வேண்டுமாம்.
வெள்ளிக்கிழமை வரைக்கும் எனக்கு இருபத்தொன்பது.
காட்சி வியாழன் இரவு.

ஐந்தாவது முறையாக நான்
'வளர்ந்து வரும் வடிவமைப்பாளர்'.
வாழைக்கன்றுகூட இதற்குள்
குலை தள்ளி, வெட்டுப்பட்டு,
பக்கத்தில் இன்னொன்று விட்டிருக்கும்.

டர்பன் துறைமுகத்தை ஒட்டி ஒரு பழைய சர்க்கரைக் கிடங்கு.
வருடம் முழுக்கப் பூட்டிக் கிடந்து
ஆகஸ்டில் ஒரு வாரம் எங்களுக்காகத் திறக்கும்.
பலகை இடுக்கில் இன்னும் எறும்புகள்.
போன வருடம் ஒரு சாட்டின் பாவாடைக்குள்
வரிசை பிசகாமல் ஏறின,
எங்கள் ஒத்திகையைவிட நேர்த்தியாக.

பின்னறையில் பதினோரு பேர்,
ஒரே ஒரு இஸ்திரிப் பெட்டி.
ம்லாஸியிலிருந்து வந்த சிஃபிசோவுக்குப் பத்தொன்பது.
மீன்வலையில் கோட்டு தைத்திருக்கிறான்.
"சிஸி, இங்கே நீங்கள்தான் ரொம்பப் பழசாமே"
என்று ஊசி கேட்கிறான்.
கொடுத்தேன்.
வாய் நிறையக் குண்டூசி,
பதிலுக்கு இடமில்லை.

என்னுடையது ஷ்வேஷ்வே,
விக்டோரியா தெருவில் தவணையில் எடுத்தது,
நீலத்தில் வெள்ளைப் பொட்டு.
கஞ்சி முறைப்பு இறங்காத துணி.
முனையை நாக்கில் வைத்துப் பார்ப்போம்,
உப்புக் கரித்தால் அசல்.
முதல் சலவையில் உப்பும் போகும், முறைப்பும் போகும்.
அதனால் நனைக்காமலே வெட்டினேன்.
சுருங்கும் என்றார்கள்.
சுருங்கட்டும்.
எனக்கு வேண்டியது ஓர் இரவு.

ஒன்பது இருபது.
என் ஏழாவது உடுப்பில் நோம்செபோ
மேடையின் பாதியில் இருக்கும்போது
மின்சாரம் போனது.
அட்டவணைப்படி பத்துக்குத்தான் போக வேண்டும்.
ஜெனரேட்டர் இருமியது, எழவில்லை.
பாட்டு நின்றது.
அவள் நிற்கவில்லை.

கேட்டேன்.
கண்ணால் மட்டுமே தைத்துக்கொண்டிருந்த துணியை
முதல்முறையாகக் காதால்.
கரும்புத் தோகைக்குள் யாரோ நடப்பதுபோல்
சர், சர், சர்.
வலது காலுக்கு ஒரு சத்தம்,
இடது காலுக்கு அதைவிடத் தணிந்து ஒன்று.
இடது பக்கம் மடிப்பு குறைவு
என்று அந்த இருட்டில்தான் தெரிந்தது.
எத்தனை நாள் நிலைக்கண்ணாடி முன் நிறுத்தியிருப்பேன்.
அது வாயே திறக்கவில்லை.

பிறகு விளக்கு வந்தது, சொல்லாமல்.

முன்வரிசையில் ஜோஹானஸ்பர்க் கடைக்காரி,
மூன்று வருடமாக என் மின்னஞ்சலுக்குப் பதில் போடாதவள்,
மேடை ஓரம் குனிந்து
என் பாவாடை விளிம்பை இரு விரலில் பிடித்து
நாக்கை நீட்டியபடி.
நோம்செபோ நின்றுவிட்டாள். எப்படி நடப்பாள்?
அரங்கமே பார்த்தது.
கடைக்காரி நாக்கை உள்ளே இழுத்தாள்.
"உப்பு" என்றாள்,
யாரிடம் என்றில்லாமல்.

ஆர்டர் தந்தாளா என்று எல்லாரும் கேட்டார்கள்.
இல்லை.
முகவரி அட்டை ஒன்று தந்தாள், ஈரக் கையால்.
பரிசு மீன்வலைக்குப் போனது.
நியாயம்தான். விளிம்பில் கோத்த ஈயக்குண்டுகள்
தரையில் தட்டித் தட்டி
ஒரு தாளமும் தப்பாமல் போனதை
நானும்தான் கேட்டேன்.

டாக்ஸி நிறுத்தத்தில் எனக்கு முப்பது ஆனது.
மூட்டைக்கும் ஓர் இருக்கைக் காசு கேட்டார் ஓட்டுநர்.
கொடுத்தேன்.
ஏழு உடுப்பும் பக்கத்தில் உட்கார்ந்து வந்தன,
பள்ளத்துக்குப் பள்ளம்
சர் என்று ஏதோ பேசிக்கொண்டு.

திங்கட்கிழமை சாட்ஸ்வொர்த்.
பள்ளிச் சீருடை, மணிக்கு நாற்பது காலர்.
தேநீர் இடைவேளையில் கழிவறைக் கதவைச் சாத்தி
பையிலிருந்து பாவாடையை எடுத்தேன்.
இடது பக்கத்தைப் பிரித்து
இரண்டு மடிப்பு கூட்டினேன்.
காதருகே பிடித்து அசைத்துப் பார்த்தேன்.

இன்னும் ஒன்று வேண்டும்.