எந்த ரூபாய்

மழைக்கு மெஷின் மக்கர் செய்கிறதென்று
யோகமலர் போனுக்கு ஒரு லிங்க் அனுப்பினாள்.
ஹப்புத்தளை, மாலை ஆறு பத்து.
மூக்குக்கண்ணாடி முழுக்க மூடுபனி.
வந்த ஆறு எண்களை
உத்தேசமாக வாசித்து அழுத்தினேன்.
பதினெட்டாயிரத்து நானூறு.
இரண்டு இரவு, ஒரு ஹீட்டர், கோழிக்கறி.
எங்கள் காசில் ஐயாயிரத்துச் சொச்சம்.
சரிதான்.

இரவு சோற்றில் கை வைத்தபோது
வங்கியிலிருந்து குறுஞ்செய்தி:
பதினெட்டாயிரத்து நானூறு,
இந்திய ரூபாயில்.
அதே எண்.
பாக்குநீரிணையைத் தாண்டிப் போயிருந்தது.

கரூரில் போர்வை மொத்த வியாபாரம் எனக்கு.
உருப்படிக்கு ஒரு ரூபாய் பிசகினாலும்
லாரியைத் திருப்பி அனுப்புகிறவன்.
ஊரில் இதைச் சொல்ல முடியாது.

எச்சில் கையோடு கீழே ஓடினேன்.
யோகமலர் திரையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.
"ஐயோ சேர்."
பட்டியலில் மேலும் கீழுமாக இரண்டு ரூபாய்கள்.
விரல் ஒரு வரி வழுக்கியிருக்கிறது.
போட்டதை எடுக்கும் அதிகாரம் முதலாளிக்கு மட்டும்.
முதலாளி கொழும்பில்,
அவர் போன் தூக்கத்தில்.

வங்கிக்கு அடித்தேன்.
தமிழுக்கு இரண்டை அழுத்தவும்.
அழுத்தினேன்.
உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியமானது என்று
பதினான்கு நிமிடம் ஒரு பெண் சொல்லிக்கொண்டிருந்தாள்,
ரோமிங் நிமிடத்துக்கு எவ்வளவென்று சொல்லாமல்.
பிறகு ஒரு பையன்.
"கார்டு உங்க கையில இருக்கா சார்?"
இருக்கிறது.
"ஓடிபி நீங்கதான் போட்டீங்களா?"
நான்தான்.
"பதினெட்டாயிரத்து நானூறு ரூபாய்னு ஒத்துக்கறீங்க?"
ஒத்துக்கொள்கிறேன் தம்பி, அது வேறு ரூபாய்.
அவன் மூச்சு விடுவது மட்டும் கேட்டது.
"ரூபாய்னா ரூபாய்தானே சார்?"

இரண்டு வழி உண்டாம்.
மோசடி என்றால் கார்டை இப்போதே முடக்குவார்கள்,
விடுதிக்குக் கடிதம் போகும்,
போட்டது யாரென்று கேட்பார்கள்.
தவறு என்றால் நாற்பத்தைந்து நாள்.
வேலைநாள், என்று திருத்தினான்.
யோகமலரைப் பார்க்காமலிருக்க
சுவரில் தொங்கிய சாவிகளை எண்ணினேன்.
ஏழு. எட்டாவது என் பையில்.

அவள் கை நீட்டிப் போனை வாங்கினாள்.
"ஹலோ, நான்தான் பிழையாப் போட்டது.
சேர் மேல குத்தமில்ல."
"நீங்க யாரு மேடம்?"
"போட்டவதான்."
கார்டுக்காரரிடம் மட்டும்தான் பேச முடியுமாம்.
இருந்தாலும் முறைப்படி
என் பிறந்த தேதி கேட்டான், என் தாயார் பெயர் கேட்டான்.
அவளுக்குத் தெரியவில்லை.

தவறு, என்றேன் நான்.
பதினோரு இலக்கத்தில் புகார் எண் வந்தது.
எழுதத் தாளில்லை.
"பற்றுச்சீட்டுக்குப் பின்னால எழுதுங்க சேர்."
நாங்கள் ரசீது என்போம்.
கடைப் பேரேட்டில் பற்று என்று பார்த்தாலே
எனக்கு வயிறு கலங்கும்.
அவள் சாதாரணமாகச் சொன்னாள்.

பேனாவை மூடும்போது கேட்டாள்:
"இப்படிக் கேட்டா உண்மையா திருப்பித் தருவாங்களா?"
சில சமயம்.
"அம்மாவுக்குக் கொழுந்து நிறுக்கிறப்ப
ஈரத்துக்குன்னு தெனம் மூணு கிலோ கழிக்கிறாங்க,
வெயில் காய்ஞ்ச நாளும்.
அதுக்கு ஏதும் நம்பர் இருக்குமா?"
கேட்டுவிட்டு அவளே சிரித்தாள்.
நானும் சிரிக்க வேண்டுமா என்று புரியாமல்
பற்றுச்சீட்டை நாலாக மடித்தேன்,
எட்டாக மடித்தேன்.

அறையில் போர்வையைப் புரட்டிப் பார்த்தால்
ஓரத்தில் கரூர்த் தையல்.
என் சரக்கு இல்லை.
என் சரக்கு இவ்வளவு குளிரை உள்ளே விடாது
என்றுதான் இதுவரை
எல்லோரிடமும் சொல்லி விற்றிருக்கிறேன்.

விடிந்தது. பதுளை ரயில் தாமதம்.
முதலாளி இன்னும் எழுந்தபாடில்லை.
ஒரு பிளேன்டீ வந்தது, கூடவே பில்.
நூற்றைம்பது ரூபாய்.
அதற்கு முன்னால் 'இலங்கை' என்று சேர்த்து
இரண்டு கோடு இழுத்திருந்தாள்.

சில்லறையாகக் கொடுத்தேன்.
எண்ணி வாங்கினாள்.
அவள் எண்ணும்போது
நானும் எண்ணினேன்.