மலருக்கு ஒரு பக்கம்

பள்ளி வரலாற்றை ஒரே பக்கத்தில் கேட்கிறார்கள்.
மீதியெல்லாம் விளம்பரம்.
முதுநகரில் நகைக்கடைகள் அதிகம்.

தொடங்கியது ஒரு மணிலாக்கொட்டைக் கிடங்கில்.
கப்பலேறாமல் தங்கிப்போன மூட்டைகளை ஓரங்கட்டிப்
பதினேழு பையன்களை உட்காரவைத்தார்கள்.
முதல் அறிக்கையில் துரை எழுதுகிறார்:
"மாணவர்கள் சரக்கைத் தின்கிறார்கள். மற்றபடி முன்னேற்றம்."

பிறகு ஓடு வேய்ந்தது. உப்பனாற்றுப் பக்கம் மதில் வைத்தது.
மதில் விழுந்தது.
புயலுக்குப் பெயர் வைக்காத காலத்தில் நான்கு முறை,
பெயர் வைத்த பிறகு ஒரு முறை.

ஞானாதிக்கம் ஐயா தலைமையில், ஒன்றாம் வகுப்பும் இருந்த நாளில்,
சேர வந்தவனின் வலக்கை
தலைக்கு மேலே போய் இடக்காதைத் தொட்டால்
பிறந்த தேதி ஜூன் ஒன்று.
தொடாவிட்டால் அடுத்த வருஷம் வா,
அப்போதும் ஜூன் ஒன்று.
பெற்றவள் வாசலில் நின்று
"அடைமழையில் பொறந்தான் சாமி" என்றதை
எந்தக் கட்டத்திலும் எழுத இடமில்லை.
தாலுகா ஆபீஸ், துறைமுகம், ரயில்வே
எல்லா இடத்திலும் அவருடைய பிள்ளைகள்
ஒரே மே முப்பத்தொன்றில் மாலையோடு வீட்டுக்குப் போனார்கள்.

சேர்க்கைப் பதிவேட்டின் கடைசிக் கட்டம்: நீங்கிய காரணம்.
"தகப்பன் ரங்கூனிலிருந்து நடந்து வருகிறான், எதிர்கொள்ளப் போனான்."
"சம்பளம் கட்டவில்லை."
"சம்பளம் கட்டவில்லை."
"வலைக்குப் போனான்."
"தமையன் சட்டையைத் திருப்பிக் கேட்டுவிட்டான்."
"படிப்பு முடிந்தது" என்பதைத்
தேடித்தான் எடுக்க வேண்டியிருந்தது.

ஆட்சியர் ஒருவர், நீதிபதிகள் இருவர், அமைச்சர் ஒருவர்
எங்கள் பெஞ்சைத் தேய்த்தவர்கள்.
படங்கள் தனியே இணைத்திருக்கிறேன்.

ஒரு பத்தியை மட்டும் குழு எடுக்கச் சொன்னது.

சுனாமி முடிந்து, முகாமில் இருந்த சனம் வெளியேறி,
பினாயில் ஊற்றிக் கழுவி, தைக் கடைசியில் திறந்தபோது
எட்டாம் வகுப்பு ஆ பிரிவில்
மூன்றாம் எண், அமிர்தவேல்
என்று கூப்பிட்ட பிறகுதான்
வாத்தியாருக்கு நினைவு வந்தது.
வாய் சொல்லிவிட்டது.
பின்பெஞ்சிலிருந்து "உள்ளேன் ஐயா" என்றது
இன்னும் உடையாத ஒரு குரல்.
அவர் நிமிராமல் குறி போட்டார்.
மறுநாள் வேறு குரல்.
அதற்கடுத்த நாள் இரண்டு குரல் ஒன்றாக வந்து
ஒன்று விட்டுக்கொடுத்தது.
முழுப் பரீட்சை வரைக்கும் நாற்பத்தாறு நாள்.

தணிக்கைக்கு வந்தவர் கண்டுபிடித்தார்.
சத்துணவுக் கணக்கில் எட்டு முட்டை இடித்தது.
முட்டைக் காசைச் சம்பளத்தில் பிடித்துக்கொண்டு
விளக்கம் கேட்டு ஒரு தாள் அனுப்பினார்கள்.

குழுத் தலைவர் சொல்வதும் நியாயம்தான்.
பொய் வருகை. மலரில் எதற்கு?
எடுத்துவிட்டேன்.
அந்தக் கால் பக்கத்தை நகைக்கடைக்காரர் கேட்டிருக்கிறார்.

விளக்கத் தாளுக்கு
நான் இன்னும் பதில் எழுதவில்லை.