மூணாறு தலைப்பு உடன்படிக்கை: வரைவு மூன்று

நீடாமங்கலம் கேட் சாத்தியிருந்தது.
மன்னார்குடி வண்டிக்கு எஞ்சின் மாற்றிக்கொண்டிருந்தார்கள்.
இந்தப் பக்கம் மூன்று லாரி நெல்,
அந்தப் பக்கம் ஒரு கல்யாண வேன்,
நடுவில் யார் சொல்லும் எடுபடாத தண்டவாளம்.
அந்த முக்கால் மணி நேரத்தில்தான்
வதூது என் ஜெராக்ஸ் கடைக்குள் வந்தார்.
"ஜெசிந்தா, ஒரு சாசனம் டைப் பண்ணணும்.
நாடுகளுக்கு."

எத்தனை பிரதி என்று கேட்டேன்.
நாடுகளே இன்னும் முடிவாகலை என்றார்.

குவைத்தில் பதினாறு வருஷம்
தொழிலாளர் முகாமில் கணக்கெழுதியவர்.
ஒரு குளியலறை, பதினொரு பாஸ்போர்ட்.
விடியற்காலை நாலு மணிக்கு
நேபாளத்துக்கு ஏழு நிமிடம்,
எகிப்துக்கு ஏழு நிமிடம்.
வங்காளத்துக்கு வயிறு சரியில்லையென்றால்
இலங்கை தன் முறையை விட்டுக்கொடுக்கும்,
பதிலுக்கு வெள்ளிக்கிழமை சோப்பு.
"வாளி உடைஞ்ச அன்னிக்கும்
அந்த ஏற்பாடு நின்னுச்சு, ஜெசி."

பெயரில்தான் முதலில் தடுக்கியது.
ஒன்றியம், பேரவை, கூட்டமைப்பு:
எல்லாம் யாரோ உட்கார்ந்து சூடாக்கிய நாற்காலி.
'கடைமடை நாடுகள்' என்று அடித்துப் பார்த்தேன்.
திரையில் அது கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தது.

வாக்கு, ஆளுக்கு ஒன்று என்றார் வதூது.
கேஜ் பதிவேட்டைப் பிரதியெடுக்க வந்து
ஈரக்காலோடு பெஞ்சில் இருந்த லஸ்கர் பக்கிரிசாமி
கேட்காமலே பேசினார்:
"தலைமடைக்காரன் முதல்ல கை தூக்குவான்.
அப்புறம் மிச்சக் கையெல்லாம் தானா எழும்பும்.
கடைசியில இருக்கவன்லேருந்து ஆரம்பிங்க."

தடுப்புரிமை யாருக்கு?
அவர் ஷட்டர் சுற்றும் இரும்புக் கைப்பிடியை
என் கீபோர்டுக்குப் பக்கத்தில் வைத்தார்.
"பத்தொன்பது வருஷமா என் கையில இருக்கு.
ஒரு நாளும் என்னுதா இருந்ததில்ல."
மேசையில் கிரீஸ் வட்டம் விழுந்தது.
சின்னத்துக்கு அதையே வைக்கலாமா என்று யோசித்தேன்,
சொல்லவில்லை.

அப்போது அவர் போன் அடித்தது.
கோரையாற்றில் இருநூறு கனஅடி குறை, உடனே.
கேட் திறந்தது. லாரிகளுக்கு முன்னால்
பதினைந்து பைக்குகள் தலைப்பை நோக்கிப் போயின.
கோரையாற்றுக்காரர்கள்.
பாமணியாற்றுக்காரர்கள் ஏற்கனவே அங்கே இருந்தார்கள்.

வெண்ணாறு மூன்றாகப் பிரியும் இடத்தில்
எங்கள் முதல் பொதுக்கூட்டம்
அழைப்பிதழ் இல்லாமல் கூடியது.
வதூது ஏழு நிமிடக் கணக்கை எடுத்தார்.
"குவைத்துக்காரர் சும்மா இருங்க" என்றது ஒரு குரல்.
ஒருவன் சட்டையை இன்னொருவன் பிடித்தான்.
பித்தான் ஒன்று தண்ணீரில் விழுந்து
எந்த ஆற்றில் போவது என்று
மதகடியில் கொஞ்சம் சுழன்றது.

தில்லைவிளாகத்திலிருந்து டிவிஎஸ்ஸில் வந்திருந்த
செல்லக்கண்ணு யாரையும் பிடிக்கவில்லை.
"இன்னிக்கே வேணும்னு நான் கேக்கல.
விதை ஊறப்போடலாமா வேணாமா,
அத மட்டும் சொல்லு."
பக்கிரிசாமி ஆபீசுக்குப் பேசினார்.
அரை மணி கழித்து மறுபடி பேசினார்.
"வியாழக்கிழமை."
"வியாழன்னா வியாழனா?"
அவர் பதில் சொல்லாமல்
கைப்பிடியைத் துடைத்தார்.

ராத்திரி கடைக்கு வந்து
நான்கு முதல் ஒன்பது வரையுள்ள உறுப்புகளை அழித்தேன்.
கொடி, தலைமையகம், ஆட்சிமொழி எல்லாம் போயிற்று.
அந்த இடத்தில் ஒரே வரி:
வியாழக்கிழமை என்றால் வியாழக்கிழமை.
இதற்கு எந்த நாடும் கையெழுத்துப் போடாது,
பாக்கியெல்லாம் போட்டுவிடும் என்றார் வதூது.
அழிக்கச் சொல்லவில்லை.

பதினொரு பக்கம், இருபத்திரண்டு ரூபாய்.
நாடுகளின் பேரில் கடன் எழுதி வைத்திருக்கிறேன்.

தில்லைவிளாகத்தில் இந்நேரம்
விதை சாக்குக்குள் ஊறிக்கொண்டிருக்கும்.
இன்று புதன்.