வலிமை: ஒன்று

வியாழன்தோறும் நான் இங்கிலாந்தின்மேல் படையெடுக்கிறேன்,
ஹைத் ஊரில், பௌலிங் மன்றத்து மாடியில்,
டிம்சர்ச் கரை ஒரு மேசையிலும்
ஆஷ்ஃபோர்டு மறு மேசையிலுமாக.
நடுவில் விரல் நுழையும் விரிசல்.
அதை ஆறென்று கொள்வதாக
முதல் வாரமே ஒப்பந்தம்.

நாற்பதாம் ஆண்டு செப்டம்பர்.
வராமலே போன படகுகள்
எனக்கு மட்டும் வந்துவிட்டன.
கடல் அடங்க நான்கு வேண்டும்,
ஐந்து விழுந்தது.

பெரில் டன்ஸ்டால், ஓய்வுபெற்ற பல் மருத்துவர்,
பெட்டியில் மிஞ்சியதைத் துழாவி
நாற்சந்தியில் வைத்தாள்:
ஊர்க்காவல். வலிமை ஒன்று.

என் கவசப் பிரிவு ஏழு.
அட்டவணையைப் புரட்டவே வேண்டாம்.
உருட்டினேன். ஒன்று.
அடுத்த சுற்றிலும் ஒன்று.
"டீ ஆறுது" என்றாள், பகடையைப் பாராமலே.

குனிந்தேன்.
அந்த அறுகோணத்தின் சாம்பல் புள்ளி
என் தெரு.
மீன் பொரிக்கும் கடை,
இன்னும் தவணை கட்டும் வீடு,
சாத்தினால் சாத்தாத வாயில்கதவு.
குண்டுவீச்சு விமானம் இரண்டு மிச்சமிருந்தது.
விதியும் இடம் கொடுத்தது.

"மேகமூட்டம்" என்றேன்.
வானிலைக்கு நான் உருட்டவேயில்லை.
பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்,
பல்லிடுக்கில் பிஸ்கட்டோடு.

பத்து மணிக்குக் காவலாளி ஹீட்டரை அணைத்தான்.
போரைப் போனில் படமெடுத்துக்கொண்டு இறங்கினோம்.

பஸ் நிறுத்தத்தில்
கால்சட்டை மடிப்பில் ஏதோ உறுத்தியது.
அந்த ஒன்று.
எப்போது குதித்ததோ.
எதிரே நிஜக் கடல் இருட்டில் புரண்டது,
யாரையும் கொண்டுவராமல்.
சில்லறையோடு சேர்த்துவிட மனமின்றி
உள்ளங்கையிலேயே வைத்திருந்தேன்,
டிரைவர் காசு கேட்கும்வரை.