தக்காளி டப்பா

ஈரி ஏரிக்கரையில், பனி
கதவிடுக்கில் நுழையும் ஒரு மண்டபத்தில்
அந்தச் சொல்லை முதலில் கேட்டபோது
ஏதோ சாப்பாட்டு விஷயம் என்று நினைத்தேன்.

"இன்னைக்கு உங்க பையனுக்கு எதிரா யாரு?"
"ஒரு தக்காளி டப்பா."

தட்டினால் விழும்.
விழுந்தால் சிவப்பாய் ஒழுகும்.
அகராதிக்காரர் இதற்கு மேல் எழுதமாட்டார்.
மிச்சம் என் பஞ்சுக்குச்சிகளில் இருக்கிறது.

நான் மூலையில் நிற்பவள்.
சுற்றுக்கும் சுற்றுக்கும் நடுவே
ஒரு நிமிடம் என்னுடையது.
கிழிந்த புருவத்தை அடைப்பேன்,
பனிக்கட்டியில் கிடந்த இரும்பை
வீங்கிய கன்னத்தில் வைத்து அழுத்துவேன்.
ஓட்டைக்கு ஈயம் வைக்கிற வேலை
என்று வைத்துக்கொள்ளுங்கள்.

என் டப்பாவின் பெயர் வென்டல் ஸ்குர்ஸ்கி.
பகலில் லாரிகளுக்கு டயர் மாற்றுவான்.
ஒன்பது வெற்றி, நாற்பத்தொரு தோல்வி.
வளர்கிற பிள்ளைகளின் கணக்கில் ஒன்று கூட
அவனைக் கூப்பிடுவார்கள்:
நானூறு டாலர், பெட்ரோல் காசு தனி.
விழச் சொல்லி யாரும் கேட்டதில்லை.
கேட்கத் தேவையில்லை என்பதுதான்
அந்தச் சொல்லின் இலக்கணம்.

இன்னொரு விதியும் உண்டு:
ஆள் எதிரில் இருந்தால் 'அனுபவசாலி.'
வென்டல் மட்டும்
தொலைபேசியை எடுத்ததும் சொல்வான்,
"டப்பா பேசுறேன்."

பிப்ரவரியில், ஆக்ரனில்,
தோற்றறியாத ஒரு பையன்.
அங்கியில் தங்க நூலால் பெயர்.
மூன்றாம் சுற்றில்
கூட்டத்தில் மாமாவைத் தேடிய கண்,
ஒரு விநாடி இறங்கிய இடதுகை.
வென்டலின் வலதுகை ஏற்கெனவே
கிளம்பியிருந்தது.

பையனின் வெள்ளைக் கால்சட்டையில் சிவப்பு.
என் பஞ்சு எல்லாம் உலர்ந்தே இருந்தது.
எதிர்மூலைக்குப் போய் நின்ற வென்டல்
யார் வீட்டு ஜன்னலையோ
உடைத்துவிட்டவன்போல
என்னைப் பார்த்தான்.

மார்ச்சில் அழைப்பு இல்லை. ஏப்ரலிலும்.
ஒழுகாத டப்பாவை வைத்து
யார் என்ன செய்ய?

மே மாதம் ஏற்பாட்டாளர் கூப்பிட்டார்:
ஆக்ரன் பையனுக்குத் தெம்பு வரவேண்டுமாம்,
லேசான ஆள் யாராவது?
வென்டல் இருக்கிறானே என்றேன்.
"ஐயோ, அவன் வேண்டாம்.
ஆபத்தான ஆளு."

டயர்க் கடைக்குப் போன் செய்து
அப்படியே சொன்னேன்.
பின்னால் காற்றடிக்கும் இயந்திரத்தின் இரைச்சல்.
"கேக்கல, ஆர்டித். திரும்பச் சொல்லு."
சொன்னேன்.
"இன்னொரு தடவை."
இயந்திரம் எப்போதோ நின்றுவிட்டிருந்தது.
மூன்றாவது தடவையும் சொன்னேன்.

பிறகு கேட்டான்,
வேறு எங்கேயாவது
முந்நூறுக்காவது கிடைக்குமா என்று.