சுத்தியல் கணக்கு

கொடுத்தது நாற்பத்தொன்று.
பெயர், சுத்தியல் எண், நேரம்
எல்லாம் நோட்டில், என் கையெழுத்தில்.

வில்ட்ஷயரில் ஒரு மேடு. மேட்டுச் சரிவில்
வெட்டி வைத்த வெள்ளைக் குதிரை.
பசித்தாலும் புல் தின்னாதது புலி;
குதிரைக்கு அந்த வீம்பு கிடையாது.
ஆனால் இங்கே
புல்தான் குதிரையைத் தின்கிறது,
வருஷத்துக்கு இரண்டு விரற்கடை,
முதலில் வால், பிறகு காது.
அதனால் ஜூலையில் முதல் சனிக்கிழமை
ஓரத்துப் புல்லைச் செதுக்கி
வாளி வாளியாய்ச் சுண்ணாம்புக்கல் கொட்டி
மண்டியிட்டு அடிக்கிறோம்.

இயந்திரம் அரை நாளில் முடிக்கும் என்று
ஊர்மன்றத்துக்கு ஒரு கடிதம் வந்தது.
கொட்டேஷனும் இணைத்திருந்தார்கள்.
படித்தோம். கோப்பில் இருக்கிறது.

அடிப்பவருக்குக் குதிரை தெரியாது.
முழங்காலுக்கு முன்னே ஒரு முழம் வெள்ளை,
பக்கத்து ஆளின் மூச்சு, அவ்வளவுதான்.
டாம்சின் பக்லண்ட் முன்னங்காலில்.
பார்சல் வண்டி ஓட்டும் ஸ்பிக்னியெவ் கழுத்தில்,
சட்டைப்பையில் போன் அலறிக்கொண்டே இருக்க.
வேலி வழக்கில் முகம் முறித்துக்கொண்ட
மாஸ்லன் சகோதரர்கள் ஒரே விலாவின் இரு முனையில்.
மதியத்துக்குள் அடி ஒத்துப்போயிற்று.
பேச்சு இல்லை.

கண் கடைசியில்.
கண்ணை அடிக்கும்போது யாரும் வாய் திறப்பதில்லை.
எப்போது விதியானதோ தெரியாது.
எனக்கு முன்பிருந்த குமாஸ்தாவின் நோட்டில்
'கண்: மழை. சத்தமில்லை' என்று
ஒரு வரி மட்டும்.

போன மார்ச்சில் அந்தக் கண்ணில்
யாரோ தார் ஊற்றியிருந்தார்கள்.
சுரண்டி மூன்று மூட்டை கட்டினோம்.
யாரென்று ஊருக்குத் தெரியும்.
போலீஸ்காரர் கேட்டபோது
ஊருக்குத் தெரியவில்லை.

இன்றும் கண்ணுக்கு வந்ததும் மழை பிடித்தது.
எல்லோரும் முக்காடு இழுத்துவிட்டுக்கொண்டோம்.
குனிந்த முதுகுகளில் எது எவருடையது,
நான் பார்க்கவில்லை.

ஐந்தரைக்கு வரிசையாய் வந்து
தகரப் பெட்டியில் போட்டார்கள்.
எண்ணினேன். நாற்பத்திரண்டு.
தொட்டுத் தொட்டு மறுபடி எண்ணினேன்.
எண் இல்லாத ஒன்று,
கூரை வேய்பவர்கள் வைத்திருக்கும் வகை.
பிடியில் பச்சை டேப்.
முகமெல்லாம் சுண்ணாம்பு, அதன் விளிம்பில்
கடுகளவு தார்.

பெயர்க் கட்டத்தைக் காலியாய் விட்டேன்.
ஆணி எடுத்துப் பிடியில்
42 என்று கீறினேன், அடுத்த வருஷத்துக்கு.

பெட்டி மூட மறுத்தது.
மேலே ஏறி உட்கார்ந்து மூடினேன்.